லாரி கேபின் ஏசி: மத்தியானம் ஆனா வெறும் காத்து. வீட்ல வச்சே எதுவரை பார்க்கலாம்?

திருமங்கலத்தான்

எல்லாருக்கும் வணக்கம். ஆறு சக்கர லாரி, சொந்த வண்டி, நானே ஓட்டுறேன். பரவை மார்க்கெட்டு காய்கறி லோடு, அறுப்புக் காலத்துல தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வைக்கோல் கட்டு. ஏசி கம்பெனி ஃபிட்டிங்தான்.

போன சித்திரையில குளிர் குறைஞ்சுச்சு. ஒரு கடையில கேஸ் அடிச்சாய்ங்க, கொஞ்ச நாள் ஓடுச்சு. இந்த வருஷம் மாசியிலேயே மறுபடி போச்சு, மறுபடி கேஸ். இப்ப பங்குனி முடியல, திரும்பவும் அதே கதி. விடியக்காலம் கிளம்புறப்ப சுமாரா சில்லுனு வருது. பத்து மணிக்கு மேல ஒண்ணுமில்ல. கம்ப்ரசர் கிளட்ச் டக்குனு ஒட்டுது, கொஞ்ச நேரத்துல விட்டுருது, திரும்ப ஒட்டுது.

கடையில "கம்ப்ரசர் போச்சு, மாத்தணும்"னு பெரிய தொகையாச் சொல்றாய்ங்க. ரேடியேட்டர், பெல்ட், வீல் கிரீஸ் வேலையெல்லாம் வீட்டு வாசல்லதான் பார்க்குறேன். ஏசியில எதுவரை நான் கை வைக்கலாம், எங்க நிறுத்தணும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உசிலைப் பட்டறை

தம்பி, அவசரப்பட்டு கம்ப்ரசருக்குக் காசு கொடுத்துராதீங்க. கெட்டுப்போன கம்ப்ரசர் காலையில மட்டும் நல்லா வேலை செய்யாது. சத்தம் வருதா? பெல்ட் கருகுதா? இல்லேன்னா அதை விட்டுத்தள்ளுங்க.

என்கிட்ட வர்ற வண்டியில முக்காவாசி கேஸ் லீக்தான். ஹோஸ் நுனி, ஓ-ரிங், கம்ப்ரசர் முன்பக்க சீல். கேஸ் வெளிய போனா கூடவே ஆயிலும் கசியும், அந்த இடத்துல தூசி ஒட்டி கருப்பா எண்ணெய்ப் பிசுக்கா நிக்கும். டார்ச்சை எடுத்துக்கிட்டு கம்ப்ரசர்ல இருந்து கேபின் வரைக்கும் ஹோஸைத் தடவிப் பாத்துட்டு வாங்க.

குளிர்பதன டீச்சர்

நான் ஐடிஐயில குளிர்பதனப் பாடம் எடுக்கிறேன். லீக்னு முடிவு கட்டுறதுக்கு முன்னால ரெண்டு கேள்வி. கிளட்ச் விட்டு விட்டு ஒட்டுறது காலையிலயும் நடக்குதா, வெயில்ல மட்டும்தானா? வண்டி வேகமா ஓடுறப்ப குளிர் கூடுதா, நிக்கிறப்ப குறையுதா?

ஏன் கேக்கிறேன்னா, பிரஷர் சுவிட்ச் ரெண்டு பக்கமும் காவல் காக்கும். அழுத்தம் 2 கிலோவுக்குக் கீழ போனாலும் கம்ப்ரசரை நிறுத்தும், ஏறக்குறைய 30 கிலோவைத் தாண்டினாலும் நிறுத்தும். வெளிய இருந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி டக் டக்தான். ஒண்ணுல கேஸ் போதல. இன்னொண்ணுல கேஸ் இருக்கு, ஆனா அதோட சூடு வெளிய போக வழியில்ல. ரெண்டாவது மாதிரி இருக்கையில மேல மேல கேஸ் அடிச்சா நிலைமை இன்னும் மோசமாகும்.

திருமங்கலத்தான்

டீச்சர், நீங்க கேட்டப்புறம்தான் யோசிச்சேன். காலையில கிளட்ச் ஒழுங்கா ஒட்டி நிக்குது. வெயில்ல மட்டும்தான் இப்படி. நாலுவழிச் சாலையில அறுபதுல போனா கொஞ்சம் குளிருது. கப்பலூர் டோல்ல வரிசையில நின்னா உடனே சூடு காத்து.

உசிலைப் பட்டறை

அப்ப டீச்சர் சொல்றதுதான். முன் கிரில்லைக் கழட்டி, கேஸோட சூட்டை வெளிய விடுற கண்டன்சரைப் பாருங்க தம்பி. வைக்கோல் லோடு ஏத்துற வண்டின்னு முதல்லயே சொல்லிட்டீங்க, எனக்குத்தான் பொறி தட்டியிருக்கணும்.

முன்பக்கம் சுத்தமா இருந்தா நம்பிராதீங்க. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல உள்ள சந்துலதான் குப்பை அடையும். கண்டன்சர் போல்ட்டைத் தளர்த்தி, ஹோஸைக் கழட்டாம, லேசா முன்னால சாய்ச்சு உள்ள டார்ச் அடிங்க. தண்ணி உள்பக்கமிருந்து வெளிய வர்ற மாதிரி அடிக்கணும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டப் பிடிச்சா ஃபின் எல்லாம் மடங்கிரும், அப்புறம் காத்தே போகாது. தோட்டத்து ஹோஸ் போதும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா சோப்புத் தண்ணி விட்டு ஊற வச்சுக் கழுவுங்க.

மேலூர் கல்லு லோடு

எங்க பக்கம் இதே கதை, வைக்கோலுக்குப் பதில் கிரானைட் தூள். அது தண்ணி பட்டா சேறா இறுகிரும். அதனால முதல்ல காய்ஞ்ச நிலையில பிரஷ் போட்டு, காத்து அடிச்சுத் தட்டிட்டுத்தான் தண்ணி விடுவோம்.

இன்னொண்ணு, சூடு ஏறினா இறுகிச் சுத்துற இஞ்சின் ஃபேன், விஸ்கஸ் ஃபேன்னு சொல்வாங்க, அதைப் பாருங்க. இஞ்சின் சூடா இருக்கையில நிறுத்திட்டு ஃபேனைக் கையால சுத்திப் பாத்தா கனமா இருக்கணும். லேசா கிறுகிறுன்னு சுத்துனா அந்தக் கப்ளிங் போச்சு. அந்த வண்டி லோடோட மேடு ஏறுறப்ப இஞ்சினும் சூடாகும். சாவியை எடுத்துட்டு இதைச் செய்யுங்க.

வாடிப்பட்டி ஓனர்

எதுக்கு இவ்வளவு மெனக்கெடுறீங்க? நான் மூணு வண்டி வச்சிருக்கேன். ஒருத்தர் வீட்டு சிலிண்டர்ல இருந்து கேஸ் ஏத்தித் தர்றாரு. கேஸ் டின் விலையில கால்வாசி கூட ஆகாது. குளிரும் நல்லாத்தான் இருக்கு, டிரைவர் யாரும் குறை சொல்லல.

குளிர்பதன டீச்சர்

ஐயா, உங்க வண்டி, உங்க ஆளுங்கங்கிற அக்கறையில சொல்றேன், அதை உடனே நிறுத்துங்க.

வீட்டு சிலிண்டர்ல இருக்கிற எல்பிஜி, அதாவது புரொப்பேன், பியூட்டேன் நல்லாவே குளிரும், அதுல சந்தேகமில்ல. வீட்டு ஃபிரிட்ஜ்லயே ஆர்600ஏங்கிற ஐசோபியூட்டேன் போடறாங்க. ஆனா ஃபிரிட்ஜ்ல இருக்கிறது சில பத்து கிராம், சிஸ்டமும் சீல் வச்சது. லாரியில கூலிங் காயில் கேபினுக்குள்ளயே, டாஷ்போர்டுக்குப் பின்னால இருக்கு. 400 கிராம் எல்பிஜி ஆவியானா ஏறக்குறைய 170 லிட்டர்ல இருந்து 220 லிட்டர் வாயு. கேபின் உள்ளளவு சுமார் 5,000 லிட்டர்னு வச்சா, காயில் ஓட்டையானா காத்துல ஏறக்குறைய 4 சதவீதம் எல்பிஜி. அது தீப்பிடிக்க 2 சதவீதமே போதும். ப்ளோயர் மோட்டார் பிரஷ்ல வர்ற பொறி, பீடி பத்தவைக்கிற தீக்குச்சி, எது வேணும்னாலும் போதும். அதுவும் டிரைவரும் கிளீனரும் கண்ணாடியை ஏத்திவிட்டுத் தூங்குற இடம் அது. சமையல் சிலிண்டரை இப்படிப் பயன்படுத்துறது சட்டப்படியும் குத்தம்.

போலி கேஸ் எவ்வளவு ஆபத்துன்னு உலகமே பாத்திருக்கு. 2011-ல குளிர்சாதனக் கன்டெய்னர்கள் வெடிச்சு வியட்நாம்லயும் பிரேசில்லயும் தொழிலாளர்கள் இறந்தாங்க. ஏசிக்குப் போடற வழக்கமான கேஸ் ஆர்134ஏன்னு சொல்லி மெத்தில் குளோரைடு கலந்த கேஸை ஏத்தியிருந்தாங்க. அது அலுமினியத்தோட வினைபுரிஞ்சு, காத்து பட்டாலே பத்திக்கிற ஒரு பொருளை உண்டாக்குச்சு. நம்ம லாரி கண்டன்சர், காயில் எல்லாம் அலுமினியம்தான். மலிவு விலையில பேர் தெரியாத டின் கிடைச்சா இதை நினைச்சுக்குங்க.

வாடிப்பட்டி ஓனர்

இவ்வளவு விவரம் யாரும் எனக்குச் சொல்லல டீச்சர். மூணு வண்டியையும் நிறுத்திப் பாக்கச் சொல்றேன். அந்த கேஸை எப்படி வெளிய எடுக்கிறது? டிரைவரே வால்வைத் திறந்து விட்டுரலாமா?

குளிர்பதன டீச்சர்

வேண்டாம். வண்டியில என்ன கேஸ் இருக்குன்னு கடைக்காரர்கிட்ட முதல்லயே சொல்லி, தீப்பிடிக்கிற கேஸை எடுக்கிற வசதி இருக்கிற இடமாப் பாத்து விடுங்க. சொல்லாம விட்டா, கேஸை உறிஞ்சி எடுக்கிற அவங்க ரெக்கவரி மெஷின்ல ஏறிரும், அங்க வேலை செய்றவருக்குத்தான் ஆபத்து.

திருமங்கலத்தான்

ஞாயித்துக்கிழமை கேபினைத் தூக்கி உக்காந்துட்டேன். கண்டன்சரை முன்னால சாய்ச்சா, பின்பக்கம் கீழ் பாதி முழுக்க வைக்கோல் துகள். பாய் விரிச்ச மாதிரி. எடுத்துக் கழுவினப்புறம் வெளிச்சம் மறுபக்கம் தெரியுது. விஸ்கஸ் ஃபேன் கனமாத்தான் இருக்கு.

ஓட்டிப் பாத்தேன். முன்னைக்கு இப்ப தேவலாம், கிளட்ச் விடுறது குறைஞ்சிருக்கு. ஆனா முழுசா சரியாகல, டோல்ல நின்னா இன்னும் குளிர் போகுது. பக்கத்துத் தெரு ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிட்ட அழுத்தம் பாக்கிற கேஜ் செட் இரவல் கேட்டிருக்கேன். எப்படிப் பாக்கணும்?

உசிலைப் பட்டறை

கேபினைத் தூக்கினா லாக் கம்பி விழுந்திருச்சான்னு கண்ணால பாத்துட்டுத்தான் தலையை உள்ள விடணும் தம்பி. கேபினைத் தூக்குற பம்பை மட்டும் நம்பி யாரும் கீழ நிக்கக் கூடாது.

நீல ஹோஸ் லோ சைடு, சிவப்பு ஹை சைடு. கப்ளர் அளவே வேற, மாத்தி மாட்ட முடியாது. கண்ணாடியும் கையுறையும் போடுங்க. ஆர்134ஏ சாதாரணக் காத்தழுத்தத்துல மைனஸ் 26 டிகிரியில கொதிக்கிற சமாச்சாரம், கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து.

குளிர்பதன டீச்சர்

இஞ்சின் போடறதுக்கு முன்னாலயே ஒரு ரீடிங் எடுங்க, அதை நிறைய பேர் விட்டுர்றாங்க. ராத்திரி முழுக்க நின்ன வண்டி, வெயில் ஏறாத நேரம். ரெண்டு கேஜும் ஒரே அளவு காட்டும். பக்கத்துல தெர்மாமீட்டர் வச்சு வெப்பநிலையும் குறிச்சுக்குங்க.

உள்ள சுத்தமான ஆர்134ஏ திரவமும் ஆவியுமா இருந்தா, 25 டிகிரியில 82 பிஎஸ்ஐ (ஒரு கிலோ அழுத்தம்னா சுமார் 14 பிஎஸ்ஐ), 30-ல 97, 35-ல 114, 40-ல 133 காட்டணும். இதைவிட நல்லா கம்மின்னா உள்ள திரவமே இல்ல, கேஸ் ரொம்பப் போயிருச்சு. சரியா இருந்தா அளவு நிறைஞ்சிருக்குன்னு அர்த்தமில்ல, கொஞ்சம் திரவம் இருந்தாலே இந்த அழுத்தம் வந்துரும். அளவைத் தராசுதான் சொல்லும். இதைவிட அதிகம்னா உள்ள வேற ஏதோ கலந்திருக்கு. பெரும்பாலும் காத்து. வேற கேஸாவும் இருக்கலாம்.

அதுக்கப்புறம் இஞ்சின் போட்டு, ஆக்சிலேட்டர் 1,500 சுத்துல நிறுத்தி, ஏசி முழுசா வச்சுப் பாருங்க. நம்ம ஊர் வெயில்ல லோ 30-லிருந்து 45 பிஎஸ்ஐ, ஹை 200-லிருந்து 270 வரை இருந்தா நியாயமான அளவு.

திருமங்கலத்தான்

விடிஞ்சதும் எடுத்தேன். வெப்பம் 28 டிகிரி. ரெண்டு கேஜும் 125 பிஎஸ்ஐ.

இஞ்சின் போட்டு வாசல் நிழல்ல: லோ 55, ஹை 330. மத்தியானம் வெயில்ல ஹை 400-ஐத் தாண்டி ஏறுச்சு, கிளட்ச் விட்டுருச்சு.

குளிர்பதன டீச்சர்

28 டிகிரிக்கு 91 பக்கம்தான் இருக்கணும். நீங்க பாத்தது 125. கேஸ் எவ்வளவு அதிகமா அடிச்சாலும் நின்ன வண்டியில இந்த அளவு ஏறாது. பெரும்பாலும் உள்ள காத்து இருக்கு. வேக்கம் போடாம, அதாவது உள்ள இருக்கிற காத்தைப் பம்ப் வச்சு உறிஞ்சாம, மேல மேல கேஸ் ஏத்தினா இதுதான் நடக்கும். கண்டன்சர்ல கேஸ் குளிர்ந்து திரவமாகும், காத்து ஆகாது. அது கண்டன்சர்லயே இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கும். வைக்கோல் வெளிப்பக்கம் அடைச்சது, காத்து உள்பக்கம் அடைச்சிருக்கு. காத்தோட ஈரமும் வரும். அது ஆயிலைக் கெடுக்கும், கூலிங் காயிலுக்குக் கேஸை விடுற எக்ஸ்பான்ஷன் வால்வுல உறைஞ்சு நிக்கும்.

இனி இதுக்கு மேல நீங்க வால்வைத் திறக்காதீங்க. உள்ள இருக்கிறது வெறும் காத்தா, எல்பிஜி கலப்படமான்னு கேஜ் சொல்லாது. என்ன கேஸ்னு காட்டுற ஐடென்டிஃபையர் கருவியும் ரெக்கவரி மெஷினும் இருக்கிற இடத்துல கொடுத்து, என்ன இருக்குன்னு பாத்து உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்க. ஒரு கிலோ ஆர்134ஏவை வெளிய விட்டா 1,430 கிலோ கரியமில வாயுவை விட்ட அளவுக்குப் பூமி சூடாகும். இதைக் குறைக்கிறதுக்கான உலக நாடுகளோட கிகாலி உடன்பாட்டுப்படி 2028-ல இந்தியா இந்த வகைக் கேஸ்களோட பயன்பாட்டை மேல ஏறாம நிறுத்தணும், 2032-லிருந்து குறைக்கணும். உறிஞ்சி எடுத்து மறுபடி பயன்படுத்துற பழக்கம் இப்பவே வரணும்.

ஒத்தக்கடை வயரிங்

வேலை நடக்கிறதுக்கு நடுவுல கரண்ட் பக்கத்தையும் முடிச்சுருங்க. ஆறு சக்கர வண்டி 24 வோல்ட். கடையில அவசரத்துக்கு 12 வோல்ட் ரிலேயைச் சொருகி விட்டிருப்பாய்ங்க, அது கொஞ்ச நாள்ல கருகும். கிளட்ச் காயிலை மல்டிமீட்டர்ல பாருங்க. 24 வோல்ட் காயில் சுமார் 12-லிருந்து 17 ஓம் வரும். மூணு நாலு ஓம் காட்டினா அது பிக்கப் வண்டிக்கான 12 வோல்ட் காயில், இல்ல உள்ள ஷார்ட். கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவுல இடைவெளி அரை மில்லிமீட்டர் பக்கம் இருக்கணும். தேய்ஞ்சு அகலமாயிருந்தா சூட்டுல ஒட்டாது, அதையும் கம்ப்ரசர் போச்சுன்னு சொல்லிருவாய்ங்க.

திருமங்கலத்தான்

காயில் 14 ஓம். ரிலே 24 வோல்ட்தான். இடைவெளி ஃபீலர் கேஜ்ல சரியா இருக்கு. அப்ப கம்ப்ரசர் நல்லா இருக்குன்னு எடுத்துக்கலாமா அண்ணே?

உசிலைப் பட்டறை

ஹை சைடு 400 வரைக்கும் தள்ளுற கம்ப்ரசரைச் செத்துப்போச்சுன்னு யாரும் சொல்ல முடியாது தம்பி. அது நல்லா இருக்கு. மாத்தச் சொன்ன இடத்துக்குத் திரும்பப் போகாதீங்க.

கேஸை எடுத்தப்புறம் லீக்கைக் கண்டுபிடிச்சே ஆகணும். லீக் இல்லாம போன வருஷம் முதல் கேஸ் குறைஞ்சிருக்காது. லாரியில எல்லாரும் மறக்கிற இடம் ஒண்ணு இருக்கு. கம்ப்ரசரும் கண்டன்சரும் சேஸிஸ்ல நிக்குது, கூலிங் காயில் கேபின்ல. கேபினைத் தூக்கும்போதெல்லாம் ரெண்டு ஹோஸும் கேபின் கீல் பக்கம் மடங்கி நிமிருது. அங்க ஹோஸ் நுனியை உலோகத்தோட நசுக்கிப் பிடிக்க வச்ச, அதாவது கிரிம்ப் பண்ணின இடத்துல ரப்பர் விரிசல் விடும். கேபின் இறங்கி இருக்கையில தெரியாது, தூக்கின நிலையில பாக்கணும்.

பிரஷர் டெஸ்டுக்கு நைட்ரஜன் மட்டும்தான். ரெகுலேட்டரோட, 150 பிஎஸ்ஐ போதும். டயருக்குக் காத்தடிக்கிற கம்ப்ரசரை மாட்டாதீங்க, ஈரமும் தூசியும் உள்ள போயிரும். ஆக்சிஜன் சிலிண்டர் பக்கமே போகக் கூடாது, ஆயிலோட சேந்தா வெடிக்கும். சோப்பு நுரையைத் தடவிட்டுப் பொறுமையா உக்காந்து பாருங்க.

லீக்கை அடைக்கிற மருந்துன்னு டின் விக்கிறாய்ங்க, அதை வாங்காதீங்க. வால்வுலயும், ஈரத்தை உறிஞ்சுற ட்ரையர்லயும் போய் இறுகிக்கும்.

வாடிப்பட்டி ஓனர்

நடுவுல ஒரு சந்தேகம். ஏசி போட்டா டீசல் எகிறும்னு என் டிரைவர்களையே போடாதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். அது உண்மையா?

மேலூர் கல்லு லோடு

டீசல் கொஞ்சம் கூடும்தான். ஆனா கம்ப்ரசர் இழுக்கிறது மூணு, அஞ்சு எச்பி. நூத்தம்பதுக்கு மேல எச்பி உள்ள இஞ்சின்ல அது பெரிசில்ல. சித்திரை வெயில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு இஞ்சின் சூடும் சேந்து கேபின்ல உக்காந்து பாருங்கண்ணே. வேர்த்து, தலை கிறுகிறுத்து, கண்ணு சொக்கும். மேல்பாலத்துல முன்னால நிக்கிற வண்டி கடைசி நேரத்துலதான் தெரியும். 2025 அக்டோபர் 1-லிருந்து தயாராகிற மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம்னு அரசாங்கமே 2023 டிசம்பர்ல அறிவிச்சது இதுக்காகத்தான். பழைய வண்டி ஓட்டுற எங்களுக்கும் அதே உடம்புதான்.

ஒண்ணு மட்டும் உங்க ஆளுங்ககிட்ட சொல்லி வைங்க. மூடின ஷெட்டுல இஞ்சினை ஓடவிட்டு ஏசியில தூங்கக் கூடாது. புகை உள்ள வந்தா எந்திரிக்கவே மாட்டாங்க.

திருமங்கலத்தான்

நல்ல சேதி. கேஸை எடுத்துக் கொடுத்த இடத்துல ஐடென்டிஃபையர் வச்சுப் பாத்தாங்க. எல்பிஜி இல்ல, ஆர்134ஏதான், கூட நிறைய காத்து. சிஸ்டம் காலியானதும் வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன்.

ஃபிரிட்ஜ் மெக்கானிக் நைட்ரஜன் சிலிண்டரோட வந்தாரு. கேபின் இறங்கி இருக்கையில ஒரு நுரையும் இல்ல. உசிலை அண்ணன் சொன்ன மாதிரி கேபினைத் தூக்கி, லாக் போட்டுட்டு, லோ சைடு ஹோஸ் கிரிம்ப்ல நுரை தடவினா பொடிப்பொடியா முட்டை விடுது.

ஹோஸைக் கழட்டியாச்சு. திறந்த வாயையெல்லாம் பிளாஸ்டிக் மூடி போட்டு அடைச்சு வச்சிருக்கேன். ஹைட்ராலிக் ஹோஸ் போடற கடையில அதே நீளத்துக்குப் போட்டுத் தர்றேன்னு சொல்றாங்க. போடலாமா?

உசிலைப் பட்டறை

ஹைட்ராலிக் ஹோஸ் ஏசிக்கு ஆகாது. ஏசி ஹோஸ்ல உள்ள நைலான் அடுக்கு ஒண்ணு இருக்கும், அதுதான் கேஸ் ரப்பர் வழியாக் கசியாமத் தடுக்கும். ஏசி ஹோஸ் கொண்டுபோய்க் கொடுத்து, அதுக்கு உரிய உலோக வளையம் (ஃபெர்ரூல்) போட்டு கிரிம்ப் பண்ணச் சொல்லுங்க. திருகுற கிளிப் போட்டு முறுக்கித் தர்றவங்ககிட்ட கொடுக்காதீங்க.

ஓ-ரிங் பச்சை கலர்ல ஆர்134ஏவுக்குன்னே வரும். கம்ப்ரசர் ஆயிலைத் தொட்டு மாட்டுங்க, கிரீஸ் வேண்டாம். ட்ரையர் புதுசு கட்டாயம். பழைய ட்ரையருக்குள்ள இருக்கிற மணி ஈரத்தைக் குடிச்சு நிறைஞ்சிருக்கும். புதுசோட மூடியைக் கடைசியா, மாட்டுற நேரத்துலதான் திறக்கணும். ட்ரையர் மாத்தினதுக்கு 20, 30 மில்லி ஆயில் சேருங்க. எந்த கிரேடுன்னு கம்ப்ரசர் மேல ஒட்டியிருக்கிற லேபிள்ல இருக்கும், மாத்தி ஊத்தக் கூடாது.

குளிர்பதன டீச்சர்

வேக்கம் பம்பை முக்கால் மணி நேரம் ஓட விடுங்க. நிறுத்திட்டு வால்வை மூடி அரை மணி காத்திருங்க. முள் நகரக் கூடாது. நகர்ந்தா திரும்ப நைட்ரஜன்.

கேஸை எடை போட்டுத்தான் ஏத்தணும். கேபின் ஸ்டிக்கர்ல எத்தனை கிராம்னு இருக்கும். டின்னைச் சமையல் தராசு மேல நிமிர்த்தி வச்சு, லோ சைடு வழியா ஆவியா மட்டும் விடுங்க. இஞ்சின் ஓடுறப்ப சிவப்பு வால்வைத் தொடவே கூடாது, ஹை சைடு அழுத்தம் டின்னுக்குள்ள ஏறி டின் வெடிக்கும்.

திருமங்கலத்தான்

முடிச்சாச்சு. ஸ்டிக்கர்ல 700 கிராம், தராசுல அதே 700. மத்தியானம் 37 டிகிரி வெயில்ல லோ 34, ஹை 235. ஓடுறப்ப நடு வென்ட்ல 10 டிகிரி, கப்பலூர் டோல் வரிசையில நின்னப்ப 13-க்கு மேல போகல. கிளட்ச் ஒட்டினது ஒட்டினபடி நிக்குது. ஆன செலவு புது கம்ப்ரசருக்குச் சொன்னதுல சின்னப் பங்குதான். டீச்சருக்கும் அண்ணனுக்கும் மனசார நன்றி.

இப்ப கிளீனர் கால் பக்கம் மட்டும் தண்ணி சொட்டுது. அது என்ன?

ஒத்தக்கடை வயரிங்

கூலிங் காயில் டிரெயின் குழாய் அடைப்பு. நல்லா குளிர ஆரம்பிச்சதும் தண்ணி நிறைய வரும். கேபினுக்கு அடியில ரப்பர் குழாய் தொங்கும், கீழிருந்து லேசா காத்து ஊதுனா வைக்கோல் தூசி வந்துரும். பக்கத்துலயே ப்ளோயர் ரெசிஸ்டர் கனெக்டர் இருக்கு, தண்ணி படறதுக்குள்ள இன்னைக்கே பண்ணிருங்க.

திருமங்கலத்தான்

ஊதினேன், ஒரு டம்ளர் சேத்துத் தண்ணி கொட்டுச்சு. இப்ப வெளியதான் சொட்டுது.

மேலூர் கல்லு லோடு

தம்பி, அந்தப் புது ஹோஸை எவ்வளவு நீளம் வச்சுப் போட்டீங்க? என் வண்டியிலயும் கேபின் கீல் பக்கம் பிசுக்கு தெரியுது, இந்த வாரம் கழட்டலாம்னு இருக்கேன்.

திருமங்கலத்தான்

கேபினை முழுசாத் தூக்கி நிறுத்திட்டு அளந்தேண்ணே. அந்த நிலையிலயும் இழுக்காம ஒரு வளைவு நிக்கிற அளவுக்கு, பழசைவிட நாலு விரல் கூட வச்சேன். கேபினை இறக்கினா சைலென்சர் பக்கம் சாயாம இருக்க சேஸிஸ்ல ரப்பர் வச்ச கிளாம்ப் ஒண்ணு போட்டிருக்கேன். கழட்டுறதுக்கு முன்னால காலையில கேஜ் போட்டு, வெப்பத்தோட ரீடிங்கை இங்க போடுங்க, டீச்சர் பாத்துச் சொல்லுவாங்க.